ஏழாம் பக்கத்தில் ஒரு பொத்தான்

ஜம்பட்டா வீதியில்
கடைசி எழுத்து விழுந்துபோன பெயர்ப்பலகை, எங்கள் கடை.
ஃபோட்டோ கொப்பி, லேமினேட், ரீலோட்,
படிவம் நிரப்பித் தரப்படும்.

மாடிவீட்டுத் திட்டப் படிவம் ஏழு பக்கம்.
திரையில் நிரப்பலாம்.
நிரப்பியதை வைக்க முடியாது.
திறக்கும்போதே மேலே ஒரு பட்டியில் சொல்லிவிடும்:
இதில் தட்டியது இதில் தங்காது,
வேண்டுமானால் அச்சிட்டுக்கொள்.

அந்த மாதம் அச்சு பக்கத்துக்கு நாற்பது ரூபாய்.
காகிதம் கப்பலில் நின்றது,
கப்பல் கடலில் நின்றது.

மரியநாயகி சொல்லச்சொல்ல நான்கு பக்கம் தட்டினேன்.
அவள் பெயரை அடித்தால்
புருஷனின் பெட்டியிலும் அதுவே போய் உட்கார்ந்தது.
அழித்தால் இரண்டும் அழிந்தது.
சிரித்தாள்.
"சரியாத்தான் போட்டிருக்கான்,
வீட்டுக்கு ரெண்டும் நான்தானே."

ஐந்தாம் பக்கம் அவரின் பழைய அடையாள அட்டை இலக்கம் கேட்டது.
"அது அலுமாரிக்குள்ள. நாளைக்குக் கொண்டாறன்."
நாளை என்றொரு நாள்
அந்தப் படிவத்துக்குத் தெரியாது.
மூடினேன். திறந்தேன்.
பள்ளிக்கூடம் போகாத பிள்ளையின் கொப்பி மாதிரி
அத்தனை சுத்தம்.

இரண்டாம் நாள் இலக்கம் இருந்தது,
கரண்ட் இல்லை.

மூன்றாம் நாள் ஆறாம் பக்கம்வரை போனோம்.
இவ்விடத்தில் குடியிருப்பது எத்தனை வருடம்?
"பொறந்ததுல இருந்து."
பெட்டி இலக்கம்தான் வாங்கும்.
அவள் பிறந்ததற்கோ இரண்டு வருடங்கள்,
அட்டையில் ஒன்று,
ஞானஸ்நானப் புத்தகத்தில் ஒன்று.
கோயிலில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று
குடையை மறந்து போனாள்.

அன்றிரவு ஷட்டரைப் பாதி இறக்கி
நௌஷாத் நானாவின் மடிக்கணினியில் படிவத்தைப் பிரித்தேன்.
உள்ளே ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பெயர்,
எவனோ அவசரத்தில் வைத்தது.
மனைவிக்கும் புருஷனுக்கும் ஒரே பெயர்.
அதைப் பிரித்து வைத்தேன்.
தட்டியது தங்கலாம் என்று அனுமதி கொடுத்தேன்,
அனுமதி கொடுக்க நான் யார் என்று
கணினி கேட்கவில்லை.
பிறகு ஏழாம் பக்கத்தில்,
கையொப்பக் கோட்டுக்குக் கீழே
ஒரு சாம்பல் பொத்தான்.
திரையில் தெரியும், தாளில் விழாது:
அதற்கும் ஒரு சரி போட்டேன்.

சேமி என்று எழுதியிருந்தேன்.
காலையில் அவள் விரலை இழுத்துக்கொண்டாள்.
"சேமிக்கிறதெல்லாம் பேங்க்லதானே?
இதுக்கும் காசு கட்டணுமா?"

பத்திரப்படுத்து என்று மாற்றினேன்.
பொத்தானின் அகலம் போதாமல்
பத்திரப்ப என்று நின்றது.
எழுத்தைச் சிறிதாக்கினால் அவளுக்குக் கண்ணாடி வேண்டும்.
வாலை வெட்டி
பத்திரம் என்று விட்டேன்.

அமுக்கினாள்,
அழைப்புமணி அமுக்குவதுபோல் நெடுநேரம்.

பிற்பகல் ஃபரீனா வந்து அதே படிவத்தைக் கேட்டாள்.
திறந்தால் ஆறு பக்கத்திலும்
மரியநாயகி குடியிருக்கிறாள்,
ஃபோன் இலக்கத்தோடு.
"இந்தம்மாவுக்கும் ரெண்டு பொம்புளப் புள்ளயா?"
என்று ஃபரீனா வாசிக்கத் தொடங்கியபின்தான் திரையைத் திருப்பினேன்.
நான் வைத்தது வெறும் 'வை'.
வெற்றுப் படிவத்தின் மேலேயே வைத்துவிட்டது.
'வேறு பெயரில் வை' என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்.
மறுபடி இறக்கி,
மறுபடி பிரித்து,
மறுபடி பொத்தான்.

கோயில் சொன்ன வருடத்தோடு அவள் வந்தபோது மழை.
ஐம்பத்து மூன்று என்று
அவளே தட்டினாள், ஒவ்வொரு எண்ணாய்த் தேடி.
அவளே அமுக்கினாள்.
என்ன பெயரில் என்று கேட்டது.
மூத்தவளின் பெயரைச் சொன்னாள்.

ஏழு பக்கம், இருநூற்றெண்பது.
சூடாக வந்த தாள்களைக் கடைசியிலிருந்து புரட்டினாள்.
ஏழாம் பக்கத்தை வெளிச்சத்துக்குப் பிடித்தாள்,
முன்னும் பின்னும்.

"தம்பி,
இதுல பத்திரம் காணல்லயே."

அது தாளில் வராது
என்று சொல்லிவிட்டேன்,
மீதிச் சில்லறையை எண்ணிக்கொண்டே.